மத்தியானம் மட்டும் போகும் நெட்வொர்க்

"அந்தப் பொண்ணு பொய் சொல்றா, பிங் சார். எனக்கு அது உறுதியாத் தெரியணும்."

மேனேஜர் மேடம் உட்காரக்கூட இல்லை. வந்த வேகத்திலேயே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

எந்தக் கோளாறைச் சொன்னாலும் "முதல்ல பிங் பண்ணிப் பாக்கறேன்" என்றே ஆரம்பிப்பதால், அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியில் நெட்வொர்க் இன்ஜினியருக்கு அதுவே பெயராக நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

"எந்தப் பொண்ணு மேடம்?"

"க்ளெய்ம்ஸ்ல, வீட்டிலேர்ந்து வேலை பாக்கறாளே, அவதான். தினம் சாப்பாட்டுக்கு அப்புறம் ஆளைக் காணோம். கேட்டா நெட்வொர்க் போயிடுச்சுங்கறா. அது என்ன சார், மத்தியானத் தூக்கம் போடற நெட்வொர்க்?"

பிங் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

வீட்டிலிருந்து வேலை செய்பவர்களிடம் இருப்பது வெறும் திரையும் கீபோர்டும்தான். அசல் வேலையெல்லாம் ஆபீஸ் சர்வர் ரூமில் நடக்கும். அங்கிருக்கும் பெரிய சர்வர்களைக் கூறுபோட்டு, ஆளுக்கொரு விர்ச்சுவல் மெஷின் என்று பிரித்துக் கொடுத்தவர் பிங். அதில் குறை என்று யாராவது சொன்னால், தன் பிள்ளையைச் சொன்ன மாதிரி அவருக்குச் சுருக்கென்றிருக்கும்.

மறுநாள் மத்தியானம், சொல்லி வைத்தாற்போல அந்த மெஷின் காணாமல் போனது. பிங் பண்ணி, 'இருக்கியா' என்று அதற்கு ஒரு குரல் கொடுத்துப் பார்த்தார். பதிலே இல்லை.

அதே சர்வரில் இருந்த மற்ற மெஷின்கள் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தன. ஐ.பி. முகவரி சரி. ஸ்விட்ச் சரி. ஃபயர்வால் யாரையும் மறிக்கவில்லை. கடைசியாக மெஷினின் நெட்வொர்க் கார்டைப் பார்த்தார். அது கெடவில்லை. உள்ளேயிருந்து யாரோ ஆஃப் செய்திருந்தார்கள்.

அவர் முகம் சுண்டிப்போனது. மேடத்தைக் கூப்பிட்டார்.

"கோளாறு இல்லை மேடம். அவங்களேதான் ஆஃப் பண்றாங்க."

"நான்தான் சொன்னேனே. அப்ப அங்க என்ன பண்றா?"

"அவங்க ஸ்க்ரீன் நேரா சர்வர் வழியாப் போகுது, மெஷினோட நெட்வொர்க்கை ஆஃப் பண்ணாலும் அது ஓடிக்கிட்டேதான் இருக்கும். இங்கேர்ந்தும் அதைப் பாக்கலாம். ஆனா மேடம், அது..."

"பாருங்க சார்."

அரை மனதோடு திறந்தார். எக்செல் ஷீட் ஒன்று விரிந்தது. யாரோ எழுத்து எழுத்தாகத் தடவித் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு லாரி நம்பர். சரக்கு, டைல்ஸ். ஏற்றியாச்சு. அடுத்த வரியில் இன்னொரு லாரி. பெயிண்ட் டின். ஏற்றியாச்சு.

மேடம் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு படித்தார்.

"நம்ம மெஷின், நம்ம சம்பளம், அடுத்தவன் வேலை. நல்லா இருக்கு. போன் போடுங்க, ஸ்பீக்கர்ல."

"நாளைக்கு நேர்ல கூப்பிட்டு விசாரிக்கலாமே மேடம்..."

"விசாரிக்க என்ன இருக்கு? இன்னிக்கே வேலையை விட்டு அனுப்பிடறேன்."

மணி அடித்ததும் அந்தப் பெண் எடுத்தாள். குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"சார், கொஞ்ச நேரத்துல நானே கூப்பிடட்டுமா?"

"நெட்வொர்க்கை நீங்கதான் ஆஃப் பண்றீங்கன்னு தெரிஞ்சுடுச்சும்மா. ஸ்க்ரீனையும் பாத்துட்டோம். மேடம் பக்கத்துலதான் இருக்காங்க."

அந்தப் பக்கம் அவள் சற்றுத் தள்ளிப் போகும் காலடிச் சத்தம் கேட்டது.

"அது எங்கப்பா சார்," என்றாள். "லாரி ஆபீஸ்ல டெஸ்பாட்ச் கிளார்க்கா இருந்தவர். இப்ப ஞாபகமெல்லாம் போயிடுச்சு. என்னையே, 'புதுசா சேர்ந்திருக்கீங்களா'ன்னு கேக்கறார். சாப்பிட்டதும் சட்டையை மாட்டிக்கிட்டு ஆபீஸுக்கு நேரமாச்சுன்னு தெருவில இறங்கிடுவார். ஒரு தடவை தேடிக் கண்டுபிடிக்கறதுக்குள்ள எங்க உயிரே போயிடுச்சு. இந்தச் சீட்ல உக்கார வச்சாத்தான் அடங்கறார். வேற கம்ப்யூட்டர் குடுத்தா, 'இது ஆபீஸ் இல்லையே'ன்னு எழுந்துடறார்."

"அதுக்கு ஏம்மா நெட்வொர்க்கை..."

"அவர் தட்டறது தப்பித்தவறி நம்ம க்ளெய்ம்ஸ்ல போய்ச் சேர்ந்துடக் கூடாதே சார். விட்ட வேலையைச் சாயங்காலம் உக்காந்து முடிச்சிடறேன். பொய் சொன்னது தப்புதான். மேடம்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு பயமா இருந்துச்சு."

பிங் அந்தத் திரையைச் சத்தமில்லாமல் மூடினார். அடுத்தவர் வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்ட மாதிரி கூசியது.

மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் போனில் ஒரு வயதான குரல் நெருங்கி வந்தது.

"யாரும்மா லைன்ல? மேனேஜரா? குடு இப்படி."

"அப்பா, வேண்டாம்பா..."

"மேனேஜருங்களா? வணக்கமுங்க. இன்னிக்கு லோடு எல்லாம் ஏத்தி அனுப்பியாச்சுங்க. ஒண்ணும் நிக்கலை."

மேடம் போன் பக்கம் குனிந்தார். "சரிங்க," என்றார்.

"ஒண்ணு கேக்கலாமுங்களா? எனக்கு இப்பல்லாம் கை கொஞ்சம் மெதுவாத்தான் ஓடுது." குரல் தயங்கியது. "வேலையை விட்டு நிறுத்திடுவீங்களோன்னு மனசு அடிச்சுக்குதுங்க. நாளைக்கு வரலாமுங்களா?"

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"யார் சார் அப்படிச் சொன்னது? தினம் மத்தியானம் கண்டிப்பா வந்துடணும். உங்களுக்குன்னு தனியா ஒரு மெஷினே போட்டாச்சு."

பிங் நிமிர்ந்து பார்த்தார். அப்படி ஒரு மெஷின் எந்த சர்வரிலும் இல்லை.

மேடம் அவர் முகத்தைப் பார்க்காமலே, கீபோர்டை அவர் பக்கம் மெல்லத் தள்ளி வைத்தார்.