பாதி ஆயில்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஜெகதீசன், உள்ளேயே அடுப்பும் கட்டிலும் உள்ள பழைய வேன் ஒன்றை வாங்கி மனைவியோடு மலைக்குப் புறப்பட்டான். வழியில் பள்ளித் தோழன் மரியசூசையின் பட்டறையில் நிறுத்தினான். மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி. ஆட்டோமேடிக் கியரின் ஆயிலை யாரும் மாற்றியதே இல்லை. மரியசூசை அடியில் படுத்து நட்டைத் தளர்த்தியதும் கொஞ்சம் ஆயில் கரிக்குழம்பாகக் கசிந்தது. தலைக்கு மேலே வேனுக்குள் எதையோ தாளித்துக்கொண்டே ஜெகதீசனின் மனைவி சிரித்தாள். மரியசூசை, தன் மனைவி கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தாள் என்று யோசித்தான், நினைவுக்கு வரவில்லை. வயிறு எரிந்தது. ஆனாலும் வெளியே வந்து உண்மையைத்தான் சொன்னான்.

"பாதி மட்டும் மாத்துறேன்டா. தேய்ஞ்சுபோன கியரைப் பழைய ஆயில்தான் பிடிச்சு வச்சிருக்கு. முழுசா எடுத்தா ஏத்தத்துல இழுக்காது."

ஜெகதீசன் அவன் தோளில் தட்டிச் சிரித்தான். "நாங்க ஊர் சுத்துறது உனக்குப் பொறுக்கலை. முழுசா மாத்துடா."

பொறாமையெல்லாம் இல்லை என்று சொல்ல மரியசூசை வாயெடுத்தான், வரவில்லை. காது மடல் சுட்டது. மீதிப் பாதிக்கான இரண்டாவது டின்னையும் தூக்கிக்கொண்டு மறுபடியும் வண்டிக்கடியில் போய்ப் படுத்தான்.