வெள்ளை டைல்ஸ்

“ஏனுங்க, இந்தக் கரி மறுபடியும் எட்டிப் பாக்குதுங்களே” என்றார் கொத்தனார் மணியன். சுரண்டி, பூசி, இரண்டு கை சுண்ணாம்பும் அடித்த சமையல்கட்டுச் சுவரில், ஆள் உயரத்துக்குப் பழுப்பாக ஒரு படலம் கசிந்திருந்தது.

“முப்பது வருசம் வெறகு எரிச்ச ஊடு, வேறெப்படி இருக்கும்?” என்றார் மருதாசலம். தோள் உயரத்துக்கு நினைத்திருந்த வெள்ளை டைல்ஸை மேலே விட்டம் வரைக்கும் ஒட்டிவிடச் சொன்னார். அப்படியே சமையல்கட்டுக் கதவின் வெளிப்பக்கத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, திருகாணி ஓட்டைகளை மக்கு வைத்து அடைக்கவும் சொன்னார்.

மாட்டை விற்கிறவன் கொம்பைச் சீவுவான்; வீட்டை விற்கிறவன் சமையல்கட்டைச் சீவ வேண்டும். நூல் வியாபாரத்தில் நரைத்த மருதாசலத்துக்கு அது தெரியும். வாங்குகிற ஆண் கூரையைப் பார்ப்பான், கிணற்றைப் பார்ப்பான். பெண்டாட்டி அடுப்பைப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் அவன் கை சட்டைப் பைக்குப் போகும். அதனால்தான் நின்றுகொண்டே சமைக்கக் கடப்பாக்கல் மேடை, மொசைக் தரை, நாளைக்குக் கேஸ் வந்தால் சிலிண்டர் வைக்க ஒரு மாடம்.

லாரி ஆபீஸ்கள் பெருகி, சங்ககிரியில் மாட்டுக் கொட்டகைக்குக்கூட ஆள் போட்டி போடுகிற காலம் அது. ஆனாலும் இந்த வீட்டைக் கேட்டு வந்த மூன்று பேர், முனை டீக்கடையில் ஒரு டீ குடித்ததோடு பஸ் ஏறிவிட்டார்கள். டீயோடு என்ன பரிமாறப்பட்டது என்று மருதாசலத்துக்குத் தெரியும். போன வருசம் ஆடியில் அவருடைய மருமகள் வசந்தாமணி இந்தச் சமையல்கட்டில்தான் ஸ்டவ் வெடித்துக் கருகினாள்.

விபத்து என்று காகிதத்தில் எழுதி மூடிவிட்டார்கள். ஊர் வாய்தான் மூடவில்லை. வீட்டை விற்றுவிட்டு ஓசூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தால்தான், மகன் மயில்சாமிக்கு இரண்டாவது பெண் கேட்டு ஒரு வாசலில் போய் நிற்க முடியும்.

நாலாவதாகப் பள்ளிபாளையத்திலிருந்து வந்தவர்கள் சென்னியப்பனும் அவர் மனைவி முத்தாயம்மாளும். சொந்தமாக இரண்டு லாரி வைத்திருப்பவர்கள். டீக்கடைப் பக்கம் திரும்ப விடாமல், மருதாசலம் பஸ் ஸ்டாண்டுக்கே போய் அழைத்து வந்தார்.

முத்தாயம்மாள் மேடையைத் தடவினாள், டைல்ஸை விரலால் தட்டினாள், கதவை ஒரு தரம் சாத்தித் திறந்தாள். இந்த வீட்டில் சாவு ஏதும் உண்டா என்று கேட்டாள்.

“மருமக ஒருத்தி போயிட்டாளுங்க. பெரியாஸ்பத்திரியில” என்றார் மருதாசலம். அதில் பொய் இல்லை, உயிர் போனது அங்கேதான். நூலை நனைத்து எடை கூட்டிய கைக்கு, உண்மையை நனைக்கவா தெரியாது?

ஆண்கள் விலை பேச உட்கார்ந்தபோது, முத்தாயம்மாள் பக்கத்து வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனாள். ஒரு வாய்த் தண்ணீருக்கு அரை மணி நேரம் ஆயிற்று.

திரும்பி வந்தவள் முகத்தில் ஒன்றையும் படிக்க முடியவில்லை. “வெள்ளிக்கிழம உங்கூர் ஆத்தாகிட்டயே பூக் கேட்டுட்டுச் சொல்றமுங்க” என்று மட்டும் சொன்னாள்.

கலியாணமோ கிணறோ, அந்தப் பக்கத்தில் பூக் கேட்காமல் யாரும் துணிய மாட்டார்கள். வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் செவ்வரளியை ஓர் இலையிலும் ஒன்றுபோல் பொட்டலமாக மடித்து அம்மன் காலடியில் வைப்பார்கள். மனசில் ஒன்றைக் கேட்டுக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் ஆம். சிவப்பு வந்தால் இல்லை. அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அம்மனோடு பேரம் பேச முடியாது. பூசாரியோடு முடியும். வெள்ளிக்கிழமை கோயில் கதவு திறக்கும்போதே மருதாசலம் போய்ப் பூசாரி கைலாசத்தைப் பிடித்தார். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையே இருக்கட்டும் என்றார். கைலாசம் தலையைச் சொறிந்தார், கோபுரத்தைப் பார்த்தார், பாவம் உங்களைத்தான் சேரும் என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னார். அப்புறம் நந்தியாவட்டை பறிக்கப் போனார்.

பத்து மணிக்கு எல்லோரும் சன்னிதியில் நின்றார்கள்.

“சத்தமாக் கேக்கோணுமுங்களா?” என்றாள் முத்தாயம்மாள்.

“மனசுக்குள்ள கேளு சாமி. ஆத்தாளுக்கு அது போதும்” என்றார் கைலாசம்.

அவள் கண்ணை மூடினாள். வெகு நேரம் திறக்கவில்லை. எந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்தும் மருதாசலத்தின் முதுகில் வியர்வை ஊர்ந்தது. விளக்குத் திரி ஒரு தரம் படபடத்து அடங்கியது. அவள் குனிந்து, இடப்பக்கத்துப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தாள்.

நந்தியாவட்டை, பால்போல் வெள்ளை.

சென்னியப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மருதாசலத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆத்தாளே வாய் திறந்த பிறகு மனுசன் பேச என்ன இருக்கிறது, திங்கட்கிழமையே பத்திரம் எழுதிவிடலாம் என்றார்.

முத்தாயம்மாள் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை, தலையில் வைத்துக்கொள்ளவும் இல்லை. கணவனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, மருதாசலத்தை விட்டு இரண்டு எட்டுப் பின்னால் போய் நின்றாள்.

“ஊட்டு ஆளுங்களே அந்தப் புள்ளயக் கொளுத்தியிருந்தா வெள்ளப் பூவக் குடு தாயேன்னுதானுங்க கேட்டேன்.”