பாதம் பார்த்தல்

“எல்லாரும் பூட்ஸைக் கழட்டுங்க” என்றாள்.

ஒருவரும் அசையவில்லை.

பகல் முழுக்க மலைப்பாதையில் நடந்து வந்த முப்பது சிப்பாய்கள். ஓடைக்கரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

நடை முடிந்ததும் தலைமை தாங்குபவர் ஒவ்வொருவர் பாதத்தையும் பார்த்தாக வேண்டும். பட்டாளத்து வழக்கம். கொப்புளத்தை மறைத்தவன் மறுநாள் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவான்.

நாளை ஆற்றில் இறங்க வேண்டும். வெள்ளம் துண்டித்த கிராமத்துக்கு, இரும்புச் சட்டங்களைத் தோளில் சுமந்து பாலம் போட வேண்டும்.

அவள் லெப்டினன்ட். இந்தப் பிரிவுக்கு வந்து ஒரு வாரம்தான். இங்கேயே பேச்சு எடுபடாவிட்டால் ஆற்றில் யார் கேட்பார்கள்?

ஏன் தலைமை ஏற்க வேண்டும் என்று அதிகாரித் தேர்வில் அவளைக் கேட்டிருந்தார்கள். நாடு, கடமை என்று அளந்துவிட்டாள். பொய் இல்லை. ஆனால் உள்ளூர ஆசை என்னவோ சீருடைமீதும் சல்யூட்மீதும்தான். இருக்கட்டுமே, யாருக்குத்தான் ஆசை இல்லை?

முன்னால் ஹவில்தார் சூசைமாணிக்கம் இருந்தார். அவளுக்குச் சித்தப்பா வயது. மற்றவர்கள் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் சேற்றில் மண்டியிட்டாள். அவருடைய பூட்ஸ் கயிற்றில் கை வைத்தாள்.

அவர் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார்.

“ஐயோ, வேணாம் மேடம். ஆபீசர் நீங்க. எங்காலப் போயி தொடலாமா?”

“நாளைக்கு இந்தக் கால நம்பித்தாண்ணே நான் ஆத்துல எறங்கணும். காட்டுங்க.”

அண்ணே. அதிகாரி அப்படிக் கூப்பிடக் கூடாது. வாய் தவறி வந்துவிட்டது.

சூசைமாணிக்கம் அவளையே பார்த்தார். பிறகு காலை நீட்டினார்.

காலுறை ரத்தத்தில் ஒட்டிப்போயிருந்தது. தண்ணீர் ஊற்றி, மெல்ல உரித்தாள். நாற்றம் குப்பென்று அடித்தது. அவள் முகத்தைத் திருப்பவில்லை.

புண்ணைத் துடைத்து மருந்து வைத்தாள். குதிகாலை மடியில் ஏந்திக் கட்டுப் போட்டாள். கனத்த கால். இத்தனை பேரும் தன் பொறுப்பு என்று நினைத்தபோது நெஞ்சு நிமிர்ந்தது. எந்தச் சல்யூட்டிலும் இவ்வளவு பெருமை அவளுக்கு வந்ததில்லை.

அடுத்தவரிடம் நகர்ந்தாள்.

அதற்குள் அவர் பூட்ஸைக் கழற்றி வைத்திருந்தார். அவருக்கு அடுத்தவரும். வரிசை நெடுகக் கயிறுகள் அவிழ்ந்துகொண்டிருந்தன.

பின்னால் தண்ணீர்க் கேனோடு சூசைமாணிக்கம் விந்தி விந்தி வந்தார். குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

“கடைசியா நீங்களும் கழட்டணும் மேடம். அந்த எடது காலு.”

காலையிலிருந்து நொண்டாமலே நடந்துவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.