வேகமானியைச் சுட்டவன்

"ஆரின்... நீ அதையா சுட்டே?"

என் மனைவி ட்வைலாவின் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பத்தடி தள்ளி நின்றிருந்த முக்காலியின் உச்சி காலியாக இருந்தது. சற்று முன்புவரை அங்கே அவளுடைய வேகமானி இருந்தது. தன் தலைக்கு மேலே தோட்டா பறந்து போகும்போது அதன் வேகத்தை அளந்து சொல்லும் பெட்டி. மேலே பறக்க வேண்டியதை நான் நேராக உள்ளேயே அனுப்பிவிட்டேன். பெட்டி இப்போது புல்வெளி முழுக்க இருந்தது.

"டெலஸ்கோப்புல பார்த்தேன் ட்வைலா, வழி சுத்தமா இருந்துச்சு!"

"டெலஸ்கோப் துப்பாக்கிக்கு மேல இருக்கு. தோட்டா அதுக்குக் கீழே இருக்கிற குழல்லேருந்து வருது. இத்தனை வருஷமா சுடறே மகராசா, இன்னும் யாரும் உனக்குச் சொல்லலையா?"

அக்கம்பக்கத்து மேசைகளில் சுட்டுக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்கள். எங்கள் ஊர் சுடுதளத்தில் வேகமானி செத்தால் இப்படித்தான் மரியாதை.

"விடு ஆரின்," என்றார் ஒரு பெரியவர். "உன் வாழ்க்கையிலேயே இன்னிக்குத்தான் நட்ட நடுவுல அடிச்சிருக்கே!"

நான் சிரிக்கவில்லை. காலையில் எனக்கு முன்னால் வந்து முக்காலியை நட்டது அவள். உயரம் பார்த்துப் பெட்டியை மாட்டியது அவள். "இன்னிக்கு நீதான் முதல்ல சுடணும்" என்று தன் நாற்காலியை விட்டுக் கொடுத்தது அவள். அப்படிப்பட்டவளின் பொருளை, உட்கார்ந்த முதல் நிமிடத்திலேயே தூள் பண்ணியிருந்தேன்.

அதுவும் எப்போது? சரியாக ஒரு வாரம் கழித்து, அடுத்த சனிக்கிழமை, ஐடஹோ மாநிலப் போட்டி. ஆயிரம் கஜத் தூரம். தோட்டாவின் வேகம் தெரியாவிட்டால் அவ்வளவு தூரம் போவதற்குள் அது எவ்வளவு தாழும் என்று கணக்குப் போட முடியாது. போன வருடம் ஒரே ஒரு புள்ளியில் கோப்பையைப் பறிகொடுத்தவள் ட்வைலா. அன்று வீடு வந்து சேரும்வரை வண்டியில் அவள் ரேடியோகூடப் போடவில்லை. நானும் அவளைப் பார்க்கத் தைரியமில்லாமல், வழியெல்லாம் உருளைக்கிழங்கு வயலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஒரு வருடமாக அவள் ரேடார் வேகமானி கேட்டுக்கொண்டிருந்தாள். துப்பாக்கிக்குப் பக்கத்தில் மேசையிலேயே உட்கார்ந்து அளக்கும் சாதனம். அதை என்னால்கூடச் சுட முடியாது. ஆனால் விலையைக் கேட்டதும் எனக்கு விக்கல் வந்துவிட்டது. "இருக்கிறது நல்லாத்தானே ஓடுது?" என்று ஒவ்வொரு தடவையும் வாயை அடைத்தேன். இனிமேல் அப்படிச் சொல்ல வழியில்லை.

ட்வைலா குனிந்து துண்டுகளைப் பொறுக்கினாள்.

"போனாப் போகுது. நீ என்ன வேணும்னா செஞ்சே? இந்த வருஷம் போட்டிக்குப் போகல, அவ்வளவுதானே!"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"போட்டிக்குப் போறே! நான் இப்பவே கடைக்குப் போறேன்."

"எதுக்கு வீண் செலவு? இதே மாதிரி பழசு ஒண்ணு எங்கேயாவது கிடைச்சா..."

"பழசா? என் பொண்டாட்டிக்கா? ரேடார்தான்!" என்று சுடுதளம் முழுக்கக் கேட்கும்படி முழங்கிவிட்டு வண்டியைக் கிளப்பினேன்.

எங்கள் ஊரில் இருக்கும் ஒரே துப்பாக்கிக் கடை ரூலனுடையது. பள்ளியிலிருந்தே நண்பன். நான் நுழைந்ததுமே அவனுக்கு இருமல் வந்தது.

"ரூலன், ரேடார் வேகமானி இருக்கா?"

"வேகமானியா? உனக்கா?"

"இருக்கா, இல்லையா?"

"அது பாரு ஆரின், போட்டி வருதில்ல? இந்த நேரத்துல அதெல்லாம்..." மறுபடியும் இருமினான். சட்டென்று மேசைக்கு அடியில் குனிந்தவன், வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. "கடைசியா இருக்கிறதை எவனுக்காவது எடுத்து வெச்சிருந்தாலும் பரவாயில்லை, எனக்குக் கொடுத்துடு! ட்வைலாவோட போட்டி இதுலதான்டா இருக்கு!"

அவன் ஒரு பெட்டியோடு எழுந்தான். முகம் பீட்ரூட் மாதிரி சிவந்திருந்தது.

"பழசு எப்படி உடைஞ்சுது?"

"பழசு உடைஞ்சுதுன்னு நான் சொல்லவே இல்லையே. உனக்கு எப்படித் தெரியும்?"

"உன் மூஞ்சியிலேயே எழுதி ஒட்டியிருக்கே! கார்டைக் கொடு."

கொடுத்தேன். இயந்திரம் யோசித்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வங்கி எனக்கு இரக்கம் காட்டியது.

ரசீது வெளியே வந்ததுதான் தாமதம், ரூலன் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான்.

"என்னடா சிரிப்பு? வந்ததுலேருந்து பார்க்கிறேன், ஒண்ணு கேட்டா ஒன்பது சொல்றே. ஒரு தடவையாவது நேரா பதில் சொல்லு!"

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"செவ்வாய்க்கிழமையே ட்வைலா வந்து இந்தப் பெட்டியை எடுத்து வைக்கச் சொல்லிட்டாங்கப்பா. 'சனிக்கிழமை மத்தியானம் ஆரின் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு வருவான். அவன் பணம் கட்டி முடிக்கிற வரைக்கும் மட்டும் தயவுசெய்து சிரிச்சிடாதே'ன்னாங்க."