ஒரு வாய் ஒயின்

மதியம் மூன்று மணிக்குத்தான் அந்த வெளிநாட்டு ஊரில் ஒயின் கடையைத் திறந்தார்கள். அங்கே ஒயின் தண்ணீரைவிட மலிவு என்று கேள்விப்பட்டு, சுற்றுலா வந்த செண்பகவல்லி ஐந்து லிட்டர் கேனைக் கழுவி எடுத்து வந்திருந்தாள். யாருக்கு என்று கேட்க அவள் கணவர் மாசிலாமணிக்குத் துணிவில்லை. மதுவைத் தொடாத மனிதர் என்று குடும்பத்தில் அவருக்குப் பெயர். அது இன்றோடு போய்விடக் கூடாது. கடைக்காரர் பீப்பாயிலிருந்து கொஞ்சம் பிடித்து, ருசி பார்க்க நீட்டினார். ருசிக்குத்தானே என்பதுபோல் மாசிலாமணி ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"சே, என்னா கசப்பு! எப்படித்தான் குடிக்கிறாங்களோ."

செண்பகவல்லி துப்பட்டா நுனியால் அவர் மீசையைத் துடைத்துவிட்டாள். கேன் நிறைய ஊற்றும்படி கடைக்காரருக்குக் கைகாட்டினாள்.

"மொட்டைமாடியில தண்ணித்தொட்டிக்குப் பின்னால ஒளிச்சு வைப்பீங்களே, அதைவிடவா கசக்குது?"