கயிற்றுத் தழும்பு

கடற்கொள்ளையரிடமிருந்து விடுதலையாகி வந்த அன்று மனைவி சுகிர்தா கேட்டதை மாலுமி அருளானந்தன் மறக்கவில்லை.

"உண்மையாவே உங்களைக் கட்டி வச்சிருந்தவங்களோ? ஜனாதிபதி எலெக்சன் வெல்ல ஆடின நாடகமெண்டு சனம் கதைக்குது."

"ஓம், ஹோட்டலில வச்சுப் புட்டும் முட்டைப்பொரியலும் தந்தவங்கள்."

அவள் சிரிக்கவில்லை.

நாட்டில் எது உண்மையில் நடந்தது என்பதை இப்போது மக்களின் வாக்குத்தான் முடிவுசெய்கிறது. அவனுடைய கப்பல் கடத்தப்பட்டதை நம்பி இதுவரை வாக்களித்தவர்கள் பதினெட்டு விழுக்காடு. இன்று மாலை வாக்களிப்பு முடிந்ததும் அவனுடைய பதினாறு மாதச் சிறை நடக்காததாகப் பதிவாகும்.

மத்தியானம் கண்மூடிப் படுத்திருந்தவனின் மணிக்கட்டுத் தழும்பைச் சுகிர்தா ஈரத்துணியால் மெல்லத் தேய்த்துப் பார்த்தாள். துணியில் சாயம் ஒட்டவில்லை. எழுந்துபோய்ச் சோப்பை எடுத்து வந்தாள்.

அவன் கண்ணைத் திறந்தான்.

"நாடு நம்பாட்டில் பரவாயில்லை. நீ மட்டும் என்னை நம்பு, சுகிர்தா."