நம்பி வாங்கலாம்

ஹவலின் பழைய ஸ்போர்ட்ஸ் காரை விலை பேச வந்த ரீஸ், போனில் வண்டி எண்ணைத் தட்டினான். வருடாவருடம் நடந்த தகுதிச் சோதனை முடிவுகள் வரிசையாக வந்து நின்றன. ஹவல் எட்டி எட்டிப் போனைப் பார்த்தார்.

“பயப்படாதீங்க சார். பிரேக் பாஸ், டயர் பாஸ். துருகூட இல்ல!” என்றான் ரீஸ்.

டீயோடு வந்த மனைவி கிளெனிஸ் சிரித்தாள். “ஆச்சரியம்தான் தம்பி! ஞாயித்துக்கிழமை விடிஞ்சா இவரு இதை எடுத்துக்கிட்டு மலைப்பாதையில நூறு மைல் சுத்திட்டு, இருட்டினப்புறம்தான் வருவாரு.”

“நம்பி வாங்கலாம் தம்பி,” என்று ஹவல் அவசரமாகக் குறுக்கிட்டார். “இருநூறு பவுண்டு குறைச்சுக்கறேன். போனை உள்ள வெச்சுட்டு சாவியை வாங்கிக்குங்க.”

ரீஸ் விடவில்லை. “நூறு மைலா? ஓடின தூரத்தையும் இதுல எழுதியிருக்காங்களே. போன வருஷச் சோதனைக்கும் இந்த வருஷச் சோதனைக்கும் நடுவுல மொத்தமே அம்பத்திரண்டு மைல்தான்!”

கிளெனிஸ் டீத் தட்டை மேஜையில் வைத்தாள்.

“அம்பத்திரண்டு ஞாயிறு,” என்றாள் கிளெனிஸ் மெதுவாக. “போக அரை மைல், வர அரை மைல்.”

அவளே சாவியை எடுத்து ரீஸிடம் நீட்டினாள்.

“நம்பகமான வண்டிதான் தம்பி, எடுத்துட்டுப் போங்க. அதுக்குப் பொய் சொல்லத் தெரியல. என் தங்கச்சி வீடு இங்கேர்ந்து சரியா அரை மைல்.”